கேஸ் மூடிட்டியா? ஓசிடி உள்ள வீட்டில் பதிலைக் குறைக்கும் முறை

வாசலைப் பூட்டியாகிவிட்டது, செருப்பும் மாட்டியாகிவிட்டது. "அம்மா, கேஸ் மூடினோம்ல?" என்கிறாள் மகள். "மூடியாச்சு." இரண்டு படி இறங்குகிறாள். "நீ பாத்தியா?" "பாத்தேன்டி." "அடுப்புத் திருகையா, ரெகுலேட்டரையா?" "ரெண்டையும்தான்." தெருமுனை வருவதற்குள் அவள் முகம் வெளுத்துவிடுகிறது. அம்மா ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்து, பூட்டைத் திறந்து, திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க வருகிறாள். மகள் தெளிந்துவிட்டாள். ஆட்டோவில் ஏறிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். "அம்மா, திரும்பி வந்தப்ப கதவைச் சரியாப் பூட்டினியா?"

அம்மா செய்தது அன்பினால்தான். வேண்டாத எண்ணத்தால் துரத்தி, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் ஓசிடி (Obsessive Compulsive Disorder) என்ற மனநோய்க்குத் தீனி போடுவதும் அதுதான். நோயாளிக்காக வீட்டார் சொல்லும் பதில்கள், அவருக்காகப் பார்த்துத் தரும் பூட்டுகள், அவருக்காக மாற்றிக்கொண்ட பழக்கங்கள் எல்லாவற்றையும் சண்டையில்லாமல் எப்படிக் குறைப்பது என்பதற்கான வழிமுறை இது. எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். சிகிச்சையோடு சேர்ந்து நடந்தால்தான் முழுப் பலன்.

முதலில், இது ஓசிடிதானா?

சட்டைகளை நிறவாரியாக அடுக்குகிறவரைப் பார்த்து "அவருக்கு ஓசிடி" என்று கிண்டலடிப்பது வழக்கமாகிவிட்டது. அடுக்குகிறவருக்கு அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. ஓசிடிக்காரருக்குத் துளி சந்தோஷமும் கிடையாது. வேண்டாத எண்ணமோ காட்சியோ தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அது கிளப்பும் பதைப்பைத் தணிக்க எதையாவது திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டியிருக்கிறது; அந்தச் செயலைத்தான் இங்கே சடங்கு என்கிறோம். இது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினாலோ, படிப்பையும் வேலையையும் உறவையும் கெடுத்தாலோதான் மருத்துவர்கள் நோய் என்பார்கள்.

கை கழுவுவதும் பூட்டை இழுத்துப் பார்ப்பதும் வெளியே தெரிகிற வகை. தெரியாத வகைகளும் உண்டு: படித்த வரியையே படிப்பது, மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பது, "சாமியைத் தப்பா நினைச்சிட்டேனோ" என்று உள்ளுக்குள் மன்னிப்புக் கேட்டபடியே இருப்பது, குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயந்து பெற்றவளே அதைத் தூக்காமல் ஒதுங்குவது. இப்படியெல்லாம் தோன்றுவதே கேவலம் என்று நினைத்துப் பலர் வருஷக்கணக்கில் வாய் திறப்பதில்லை. இலங்கையிலிருந்து லண்டன் சென்று பணியாற்றிய உளவியலாளர் பத்மல் டி சில்வாவும் ஸ்டான்லி ராக்மனும் 1978-இல் வெளியிட்ட ஆய்வைத்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். மனநோய் ஏதும் இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கும் இதே மாதிரியான எண்ணங்கள் வந்து போகின்றன என்று அதில் தெரிந்தது. மற்றவர்களுக்கு அவை வந்த வழியே போய்விடுகின்றன. ஓசிடிக்காரர் அவற்றோடு மல்லுக்கு நிற்கிறார்.

மடி, தீட்டு, பத்து பார்க்கிற வீடுகளில் ஒரு குழப்பம் வரும்: இது ஆச்சாரமா, நோயா? ஆச்சாரத்துக்கு ஓர் அளவும் முடிவும் இருக்கும். குளித்து மடி உடுத்தினால் வேலை முடிந்தது. நோயில் "முடிந்தது" என்ற உணர்வே வராது. தொழுகைக்கு முன் ஒளு செய்கிறவர் ஓர் உறுப்பை மூன்று முறை கழுவுவதோடு நிறுத்திக்கொள்வார். பதினைந்து முறை கழுவியும் "சரியா நனையலையோ" என்று குழாயடியில் நிற்பவரின் தொல்லையை முஸ்லிம் வீடுகளில் வஸ்வாஸ் என்பார்கள். வீட்டிலேயே அதிகம் ஆச்சாரம் பார்க்கிற பாட்டி "இது எனக்கே அதிகமாத் தெரியுதுப்பா" என்று சொன்னால், அநேகமாக அது நோய்தான்.

பதில் ஏன் தீனியாகிறது

பயம் வருகிறது, கேட்கிறார், பதில் கிடைக்கிறது, நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிதான் மூளைக்குக் கிடைக்கும் கூலி. "கேட்டதால்தான் வீடு எரியவில்லை" என்று அது கணக்கெழுதிக்கொள்கிறது. கேட்காமலே இருந்திருந்தாலும் வீடு எரிந்திருக்காது என்று தெரிந்துகொள்ள அதற்கு ஒரு சந்தர்ப்பமும் கிடைப்பதில்லை. அதனால் அடுத்த முறை பயம் சீக்கிரம் வருகிறது, நிம்மதி சீக்கிரம் கரைகிறது.

நெதர்லாந்தின் உளவியலாளர்கள் மார்சல் வான் டென் ஹவுட், மெரெல் கிண்ட் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு அப்படியே பொருந்தும். ஓசிடி இல்லாத மாணவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைத்தார்கள். கடைசியாக எந்தத் திருகைப் பார்த்தோம் என்பதை மாணவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த நினைவு மங்கலாகத் தெரிந்தது, அதன் மேல் இருந்த நம்பிக்கையும் சரிந்தது. நோய் இல்லாதவருக்கே இந்தக் கதி. "இன்னொரு தடவை பாத்துட்டா நிம்மதியாயிடும்" என்பது நடக்காத காரியம். இன்னொரு தடவை பார்த்தால் இன்னும் கொஞ்சம் சந்தேகம்தான் வரும்.

ஆதாரம் காட்டி வாதாடுவதும் இதனால்தான் எடுபடுவதில்லை. நீங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது உறுதி கொடுத்தால் நோய் மிச்சமிருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு வாரம் எண்ணுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி ஒரு பக்கத்தில் நான்கு பத்தி போடுங்கள்: நேரம், என்ன கேட்டார் அல்லது செய்யச் சொன்னார், யார் செய்து கொடுத்தது, எத்தனை நிமிஷம். ஏழு நாள் எழுதுங்கள். நோட்டை ஒளித்து வைக்க வேண்டாம். கேட்டால், "நாங்க எவ்வளவு பதில் சொல்றோம்னு பாக்கறோம்" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

பதில் சொல்வது மட்டும் கணக்கில்லை. அவருக்காகப் பூட்டைப் பார்ப்பது, வழக்கத்துக்கு மேல் சோப்பு வாங்கிக் கொடுப்பது, கடைக்குப் போய் வந்ததும் அவர் சொன்னதற்காக நீங்கள் குளிப்பது, அவர் பாத்ரூமை விட்டு வரும்வரை ஆபீஸ் போகாமல் காத்திருப்பது, விருந்தாளியை வராதே என்பது, "சாவு" போன்ற சொற்களை வீட்டில் யாரும் உச்சரிக்காமல் இருப்பது, எல்லாம் இதில் சேரும். இவற்றில் முக்கால்வாசி உங்களுக்கு இப்போது கண்ணில் படாது, ஏனென்றால் அவை வீட்டுப் பழக்கமாகிவிட்டன. வெளியூரிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கும் தங்கையைக் கேளுங்கள், சட்டென்று பத்து சொல்லுவாள்.

இந்த எண்ணிக்கை எதற்கு? மூன்றாவது வாரத்தில் "ஒண்ணுமே மாறலையே" என்று தோன்றும்போது எடுத்துப் பார்க்க. நாளுக்கு 40 கேள்வி 28 ஆகியிருப்பது மனசுக்குத் தெரியாது, நோட்டுக்குத் தெரியும்.

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

சொல்லாமல் ஒரு நாள் திடீரென்று வாயை மூடிக்கொள்வதுதான் அதிக வீடுகளில் நடக்கும் தப்பு. அது அவருக்குத் தண்டனையாகவே தெரியும். சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதோ, சண்டை முடிந்த கையோடோ பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்த நேரம் மாதிரி ஒரு சாதாரணப் பொழுது போதும். பேசினால் வாக்குவாதம் வரும் என்றால் எழுதிக் கொடுங்கள், ஆறேழு வரிக்கு மேல் வேண்டாம். இப்படி:

"கண்ணா, இந்தச் சந்தேகம் வரும்போது நீ படற பாடு எங்களுக்குப் புரியுது. நாங்க பதில் சொல்லிச் சொல்லியே அதை வளத்துட்டோம். அதுல உன் தப்பு எதுவும் இல்ல. வர்ற திங்கக்கிழமைலேருந்து கேஸ் பத்தி ஒரு தடவைதான் பதில் சொல்லுவோம். ரெண்டாவது தடவை கேட்டா, 'இது ஓசிடி கேக்குது'ன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திப்போம். கோவத்துல இல்ல. அந்தப் பதைப்பு தானா இறங்கற வரைக்கும் உன்னால தாங்க முடியும்னு நாங்க நம்பறோம்."

இதில் மூன்று சங்கதி இருக்கிறது: உன் கஷ்டம் நிஜம், நாங்கள் செய்யப்போவது இது, உன்னால் முடியும். முதலாவதை விட்டால் கல்நெஞ்சமாகத் தெரியும். மூன்றாவதை விட்டால் வெறும் பரிதாபமாகிவிடும். பெற்றோரின் நடத்தையை மட்டும் மாற்றும் இந்த முறையை யேல் பல்கலைக்கழகத்தின் ஈலை லெபோவிட்ஸ் குழந்தைகளின் பதற்ற நோய்களுக்காக வகுத்தார். 124 குழந்தைகளை வைத்து நடத்திய ஒப்பீட்டில், குழந்தையையே பார்க்காமல் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்ததும், குழந்தைக்கு நேரடியாக உளவியல் சிகிச்சை கொடுத்ததும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன.

கவனித்தீர்களா, மேலே உள்ள கடிதத்தில் "நீ இனிமே கேக்கக் கூடாது" என்ற வரி இல்லை. அவர் கேட்கட்டும். மாறப்போவது உங்கள் பதில்.

முதலில் எதை எடுப்பது

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தப் போகாதீர்கள். ஒவ்வொன்றையும் நிறுத்தினால் எவ்வளவு பதைப்பு வரும் என்று அவரையே 0 முதல் 100 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். நம் எடுத்துக்காட்டு வீட்டில் அது இப்படி வரலாம்: அம்மா இரண்டாவது முறை பதில் சொல்லாமல் இருந்தால் 45, போனில் எடுத்து வைத்திருக்கும் அடுப்புப் படத்தை அழித்தால் 50, மகளே ஒரு முறை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் 60, எல்லோரும் போன பிறகு அவளே வீட்டைப் பூட்டினால் 75, அப்படிப் பூட்டிவிட்டுச் சாயங்காலம் வரை யாரையும் கூப்பிடாமல் இருந்தால் 90.

நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருப்பதில் தொடங்குங்கள். இருபதில் தொடங்கினால் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. எண்பதில் தொடங்கினால் இரண்டாம் நாளே நீங்கள் விட்டுக்கொடுத்துவிடுவீர்கள். தினமும் நடப்பதாகவும், முழுக்க உங்கள் கையில் இருப்பதாகவும் இருக்க வேண்டும். "அவன் கை கழுவறதைக் குறைக்கணும்" உங்கள் கையில் இல்லை. "துண்டை நாலு தடவை மாத்திக் குடுக்கறதை நிறுத்தறோம்" உங்கள் கையில் இருக்கிறது. ஒன்று பிடிபட்டு, வாரத்தில் ஐந்தாறு நாள் தடுமாறாமல் நடந்தால் அடுத்த படிக்குப் போகலாம். பெரும்பாலும் ஒரு படிக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம்.

இரவில் ரெகுலேட்டரை மூடுவது, வெளியே போகுமுன் அடுப்பை ஒரு முறை பார்ப்பது போன்றவை எல்லா வீட்டுக்கும் உரிய ஜாக்கிரதை. அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். குறைப்பது இரண்டாவது முறையிலிருந்துதான்.

இரண்டாவது கேள்விக்கு என்ன சொல்வது

ஒரே ஒரு வரியை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "இது ஓசிடி கேக்குது, நான் அதுக்குப் பதில் சொல்லப் போறதில்ல." அல்லது, "கஷ்டமாத்தான் இருக்கும். இருந்தாலும் போலாம், வா." சாதாரணக் குரலில் ஒரு முறை சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்குங்கள். விளக்கம் வேண்டாம்.

பதில் போலத் தெரியாத பதில்களில்தான் ஏமாறுவோம். "உனக்கே தெரியுமே" என்றால் அது பதில்தான். "நான் வாய் தொறக்க மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அந்தச் சிரிப்பு பதில். தலையாட்டல் பதில். "அப்படி எரிஞ்சா பக்கத்து வீட்டுக்காரங்க போன் பண்ண மாட்டாங்களா?" என்பதும் பதில், கொஞ்சம் நீளமான பதில். மருத்துவர்கள் சொல்லச் சொல்கிற வரி பலருக்கு வாயில் வராது: "மூடியிருக்கலாம், மூடாமலும் இருக்கலாம். யாருக்குத் தெரியும்?" கேட்கக் கொடூரமாக இருக்கும். இதைச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது, அவர் சம்மதித்த பிறகு மட்டும் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே எடுத்துவிடாதீர்கள்.

முழுசாக நிறுத்த முடியாதவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று தள்ளிப்போடுவது: "பதில் சொல்றேன், அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேளு." நான்கைந்து நாளில் பத்து நிமிஷம், பிறகு இருபது, நாற்பது. நேரம் வந்ததும் அவராகக் கேட்டால் ஒரு முறை சொல்லுங்கள். கேட்காமல் விட்டால் நினைவூட்டாதீர்கள். பாதி நேரம் மறந்தே போயிருப்பார். இன்னொன்று சீட்டு: பள்ளிப் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பிடிபடும். நாளுக்கு 40 கேள்வி கேட்கிற பிள்ளைக்குக் காலையில் 30 சீட்டு, ஒரு கேள்விக்கு ஒரு சீட்டு. தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். நான்கு நாளுக்கு ஒரு முறை ஐந்து சீட்டு குறையுங்கள். மிச்சம் பிடித்த சீட்டை மறுநாளுக்குச் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் சேமித்து வைத்துப் பரீட்சைக்கு முந்தின நாள் ஒரே மூச்சில் செலவழிப்பார்கள்.

முதல் பத்து நாள்

கேள்வி கூடும். குரல் உயரும், அழுகை வரும், "உங்களுக்கு என் மேல பாசமே இல்ல" என்பார். முறை தப்பாகிவிட்டது என்று இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். எப்போதும் காசு போட்டால் பொட்டலம் கொடுக்கும் இயந்திரம் ஒரு நாள் கொடுக்கவில்லை என்றால் நாம் உடனே திரும்பிப் போவதில்லை. பொத்தானை நாலு தடவை அழுத்துவோம், ஒரு தட்டு தட்டுவோம். அதே கதைதான். ஒரு வாரம், பத்து நாளில் இது தணியத் தொடங்கும்.

இந்த நாட்களில் இருபத்தைந்தாவது முறை கேட்டதும் பொறுக்காமல் பதில் சொல்லிவிட்டீர்கள் என்று வையுங்கள். இருபத்தைந்து தடவை கேட்டால் கிடைக்கும் என்று நோய் கற்றுக்கொண்டது. முதல் கேள்விக்கே பதில் சொல்லியிருந்தால் இதைவிட நஷ்டம் குறைவு. ஆகவே தாங்க முடியாது என்று முன்பே தெரிந்தால் அன்றைக்கு முதல் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வழுக்கிவிட்டாலும் பெரிய மன்னிப்பெல்லாம் வேண்டாம், அடுத்த கேள்வியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

பதைப்பு ஏறி, ஓரிடத்தில் நின்று, பிறகு இறங்கும். பலருக்கு இருபது நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம். சிலருக்கு அன்றைக்கு இறங்கவே இறங்காது, பரவாயில்லை. பதைப்பு பூஜ்யத்துக்கு வருவது குறிக்கோள் கிடையாது. பதைப்போடேயே பஸ் ஏறினாரா, சாப்பிட்டாரா, அதைப் பாருங்கள். மாலையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "காலைல கேக்காமலே கிளம்பிட்டே, பாத்தேன்." அவ்வளவு போதும், மேளதாளம் வைத்தால் மறுநாள் தோற்றுவிடுவேனோ என்ற பயம் அதோடு சேர்ந்துகொள்ளும்.

கழுவுகிற வீடு

குழாயை மூடுவது, சோப்பை ஒளிப்பது, பாத்ரூம் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது, மோட்டார் சுவிட்சை அணைப்பது இதெல்லாம் வேண்டாம். லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளுக்குச் சடங்கைத் தடுத்துச் சிகிச்சை கொடுத்து 1966-இல் வெளியிட்ட அறிக்கையில்தான் இன்றைய சிகிச்சை முறையின் வேர் இருக்கிறது. அந்தச் சிகிச்சை மருத்துவமனையில், செவிலியர்களின் மேற்பார்வையில் நடந்தது. வீட்டில் பலவந்தமாகச் செய்தால் கைகலப்பில் முடியும், அல்லது அவர் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு கழுவுவார்.

வீட்டின் பங்கு எது என்று பிரித்துப் பாருங்கள். சோப்பு வாங்குவது நீங்கள். மாதம் 15 சோப்பு கரைகிறது என்றால் அடுத்த மாதம் 12, பிறகு 9, 6 என்று முன்கூட்டிச் சொல்லிக் குறையுங்கள். அவர் சொந்தச் சம்பளத்தில் வாங்கினால் தடுக்க வேண்டாம். நீங்கள் வாங்கிக் கொடுக்காதது மட்டும்தான் உங்கள் கணக்கு. வெளியிலிருந்து வந்ததும் கால் கழுவுவது நம் வழக்கம், அது இருக்கட்டும். அதற்கு மேல் அவருக்காகச் செய்பவற்றை ஒவ்வொன்றாக எடுங்கள்: முதலில் பையைத் துடைப்பதை நிறுத்துங்கள், அடுத்து வாசலிலேயே உடை மாற்றுவதை, கடைசியில் தலைக்குக் குளிப்பதை. காலையில் பாத்ரூமுக்கு உங்கள் முறை 7 மணி என்றால் 7 மணிதான். "அவன் வரட்டும்" என்று ஆபீசுக்குத் தாமதமாகப் போகாதீர்கள். இரண்டு பாத்ரூம் உள்ள வீட்டில் ஒன்றை அவருக்கே எழுதிக் கொடுப்பது சமாதானமாகத் தோன்றும். ஆறே மாதத்தில் அந்த அறைக்குள் வேறு யாரும் கால் வைக்க முடியாது.

கழுவுவதற்கு ஓர் அளவு அவசியம் என்றால்: சாப்பிடுமுன், கழிப்பறைக்குப் பின், கை அழுக்கானபோது, சோப்பு ஒரு முறை, 20 விநாடி. தோல் வெடித்து ரத்தம் வந்தால் தோல் மருத்துவரிடம் காட்டும்போது காரணத்தையும் சொல்லுங்கள், பலர் டிடர்ஜெண்ட் அலர்ஜி என்று சொல்லிக் களிம்போடு திரும்பிவிடுகிறார்கள்.

எங்கே சறுக்கும்

பாட்டியிடம் சறுக்கும். அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் உறுதியாக இருக்க, பாட்டி சமையலறையில் ரகசியமாக "மூடியாச்சுடா தங்கம்" என்பார். பாட்டியைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: பேரன் கேட்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. பாசத்தைக் காட்ட வேறு வழி கிடைத்தால் அவர் பதிலை விடுவார்.

கேள்வி இடம் மாறும். வீட்டில் கிடைக்காத பதிலை நண்பனிடம், கூகுளில், இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் தேடுவார்கள். அந்தச் செயலி அலுக்காமல் நூறு முறையும் பதில் சொல்லும், பாட்டியைவிட மோசம். போன் படமும் அப்படியே. அடுப்பைப் படம் எடுத்து வைத்துக்கொள் என்று யோசனை சொல்வதே பல சமயம் வீட்டார்தான். நாலு நாள் கழித்து, இந்தப் படம் இன்றைக்கு எடுத்ததா நேற்று எடுத்ததா என்ற சந்தேகம் வந்துவிடும்.

வெளிச்சடங்கு நின்று உள்ளே போய்விடலாம். கேட்பதை விட்டுவிட்டார், ஆனால் சாப்பிடும்போது கண்கள் ஓரிடத்தில் நிலைத்திருக்கின்றன, காலையில் அடுப்பை மூடிய காட்சியை மனசில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். இதை வீட்டில் இருந்துகொண்டு சரிசெய்ய முடியாது. உளவியலாளரிடம் சொல்லும் பட்டியலில் எழுதி வையுங்கள்.

சாமி விஷயத்தில் பரிகாரம் ஒரு சடங்காக மாறும். கெட்ட எண்ணம் வந்தது, விளக்கேற்றினார், நிம்மதி. மறுபடி எண்ணம், மறுபடி விளக்கு. திரும்பத் திரும்பப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவருக்கும் இதே கதைதான். மதிக்கும் பெரியவர் ஒருவரிடம் வீட்டாரோடு சேர்ந்து ஒரே ஒரு முறை போய், வழக்கமான அளவு எது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை போனால் அதுவும் கேள்விதான்.

மருத்துவரும் மருந்தும்

நோய் எவ்வளவு கடுமை என்று அளக்க 1989-இல் வெளியான யேல்-பிரவுன் அளவுகோலில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 16 முதல் 23 வரை வந்தால் நடுத்தரம், 24-உம் அதற்கு மேலும் கடுமை. எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் நாளே இந்த எண்ணைக் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், மூன்று மாதம் கழித்து ஒப்பிட உதவும்.

உளவியல் சிகிச்சையின் பெயர் இ.ஆர்.பி.: பயத்தை எதிர்கொள்ள வைத்து, சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்குவது. உளவியலாளரிடம் நேராகக் கேளுங்கள்: இ.ஆர்.பி. செய்வீர்களா? வீட்டில் செய்யப் பயிற்சி கொடுப்பீர்களா? வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசுவீர்களா? வாரம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு "ரிலாக்ஸ் பண்ணுங்க, பாசிட்டிவா நினைங்க" என்று அனுப்புகிறவரிடம் காசைக் கொட்ட வேண்டாம். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்றும் பாருங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சென்னையில் 1794 முதல் இயங்கும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் வெளிநோயாளிப் பிரிவு உண்டு; சினிமாவில் அந்தப் பெயரை வைத்தே கேலி செய்து தலைமுறைக்கும் பயமுறுத்திவிட்டார்கள். அங்கே போகத் தயங்கினால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம்.

மருந்து என்றால் ஃப்ளூவாக்சமைன், ஃப்ளூவாக்சடின், செர்ட்ராலின் வகைகள். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அதிக அளவு தேவைப்படும், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். "ஒரு மாசம் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துவது நான்காவது மாடிக்குப் போகிறவர் இரண்டாவது மாடியில் லிஃப்டை விட்டு இறங்குவது மாதிரி. முதல் ஒன்றிரண்டு வாரம் வயிற்றுப் புரட்டலும் படபடப்பும் வரலாம். இளைஞர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கூடுதலாகக் கவனிக்க வேண்டும். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஓரிரு வருஷம் தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போது மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகத்தான். இவை போதைப் பழக்கம் ஏற்படுத்தும் மருந்துகள் அல்ல. அந்தப் பயம் நியாயமாகப் பொருந்துவது, பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கித் தின்னும் அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரைக்கு.

இந்த வழிமுறையை நிறுத்திவிட்டு உடனே உதவி தேட வேண்டிய நேரம்

சாகப்போவதாகச் சொன்னால், அதை மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். தனியாக விடாமல் பக்கத்தில் இருந்து, கூப்பிடுங்கள்: இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும், தமிழிலும் பேசலாம், இலங்கையில் உதவி எண் 1926. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அழுக்குப் பயத்தால் சாப்பாடும் தண்ணீரும் நின்றுவிட்டாலும், வீட்டில் அடிதடி வந்தாலும், பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரே வாரத்தில் திடீரென்று எல்லாம் தொடங்கினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு வரும் "குழந்தைக்கு ஏதாவது செஞ்சிடுவேனோ" என்ற பயத்தைத் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். ஓசிடியில் அந்த எண்ணம் அவளை நடுங்க வைக்கும், அதைச் செய்யக் கூடாது என்றுதான் ஒதுங்குவாள். மருத்துவர் ஓசிடிதான் என்று சொல்லிவிட்டால் குழந்தையை அவளிடமிருந்து பிரிக்கத் தேவையில்லை. தூக்கமே இல்லாமல், பேச்சு குழறி, யாரோ கட்டளையிடுவதாக அவள் சொன்னால் அது வேறு நோய், அவசரம்; மருத்துவர் பார்க்கும்வரை குழந்தையோடு அவளைத் தனியே விடக் கூடாது.

நோட்டை எடுத்து வையுங்கள்

கேள்வி நாளுக்கு நாலைந்தாகக் குறைந்த பிறகு எழுதுவதை நிறுத்திவிடலாம். பப்ளிக் பரீட்சை, கல்யாணம், வீடு மாறுதல், பிரசவம், காய்ச்சல் இந்தச் சமயங்களில் ஓசிடி திரும்பத் தலைகாட்டும். அப்போது "எல்லாம் போச்சு" என்று உட்கார வேண்டாம். பழைய நோட்டில் அடுத்த வெற்றுப் பக்கத்தில் தேதி போட்டு ஏழு நாள் எண்ணுங்கள், பழைய கடிதத்தில் கேஸ் என்ற இடத்தில் இப்போதைய விஷயத்தை எழுதுங்கள், அதே வரியைச் சொல்லத் தொடங்குங்கள். இரண்டாவது முறை அநேகமாக முதல் முறை ஆன அத்தனை வாரம் ஆகாது.